ஒரு படம், இரண்டு விடை: தேர்வுத்தாளில் வடிவியல் தடுமாறும் இடங்கள்

ஒவ்வோர் ஆண்டும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் கணிதத் தேர்வு முடிந்த அன்று மாலைக்குள் சிங்கப்பூர்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஏதாவது ஒரு வினா சுற்றத் தொடங்கிவிடும். பிள்ளை நினைவிலிருந்து வரைந்த படம், அதன்கீழ் அரைகுறையாக ஒரு வாக்கியம், அதற்கும் கீழே பொறியாளர் அப்பாக்களும் துணைப்பாட ஆசிரியர்களும் போட்டு அனுப்பிய வெவ்வேறு விடைகள். இரவு உணவுக்கு முன்பாகவே “வினாவே தப்பு” என்ற தீர்ப்பும் வந்துவிடும். அந்தத் தீர்ப்பு சில வேளைகளில் சரியாக இருக்கலாம். பல வேளைகளில் அது வினா கடினமாக இருந்தது என்பதையே வேறு சொற்களில் சொல்கிறது. இந்த இரண்டு மனக்குறைகளையும் பிரித்துப் பார்க்காமல், ஒரு தேர்வுத்தாள் நியாயமானதா என்று பேசத் தொடங்குவதில் பயனில்லை.

2021ஆம் ஆண்டு பரவலாகப் பேசப்பட்ட ஹெலன், ஐவன் நாணயக் கணக்கு கடினமான வினாவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. இருவரிடமும் சம எண்ணிக்கையில் நாணயங்கள் இருக்கின்றன. ஹெலனிடம் 64 இருபது காசு நாணயங்களும் ஐவனிடம் 104 இருபது காசு நாணயங்களும் உள்ளன. மற்றவையெல்லாம் ஐம்பது காசு. ஹெலனின் நாணயங்கள் மொத்தம் 1.134 கிலோகிராம், ஐம்பது காசு நாணயம் இருபது காசைவிட 2.7 கிராம் கனமானது. யாரிடம் எவ்வளவு பணம் அதிகம், ஐவனின் நாணயங்கள் மொத்தம் எவ்வளவு எடை என்பவை கேள்விகள். ஐம்பது காசு நாணயங்கள் எத்தனை என்று எங்கும் சொல்லப்படவில்லையே என்று பிள்ளைகள் திகைத்தார்கள். அந்த எண் தேவையே இல்லை. ஹெலனிடம் ஐம்பது காசு நாணயங்கள் 40 கூடுதலாக இருந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 30 காசு வேறுபாடு என்பதால் அவரிடம் 12 வெள்ளி அதிகம். ஐவனின் நாணயங்கள் 108 கிராம் குறைவாக, அதாவது 1.026 கிலோகிராமாக இருக்கும். கண்ணீர் வரவழைத்த கணக்குதான், ஆனால் அதற்கு ஒரே விடைதான் உண்டு.

தடுமாறும் வினா வேறு வகை. தரப்பட்ட தகவல்கள் எதையும் மீறாமல் நிதானமாகப் படிக்கும் ஒருவர், நியாயப்படுத்தக்கூடிய இரண்டு விடைகளுக்கு வந்து சேர்ந்தாலோ, எந்த விடைக்கும் வந்து சேர முடியாமல் போனாலோ, அந்த வினாவில் கோளாறு இருக்கிறது. வடிவியலில் இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம், அங்கே வாக்கியம் மட்டும் பேசுவதில்லை. பக்கத்தில் உள்ள படமும் பேசுகிறது, பல தெரிவு வினாவாக இருந்தால் கீழே உள்ள தெரிவுகளும் பேசுகின்றன. இவற்றோடு, எவர் கண்ணிலும் படாமல் அலுவலகக் கோப்பில் இருக்கும் விடைக்குறிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டும் இரண்டு வினாக்கள் அமெரிக்காவில் அடுத்தடுத்து வந்தன. முதலாவது, கல்லூரிக்குச் செல்லவிருக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் பிஎஸ்ஏடி தேர்வில் 1980 அக்டோபரில் இடம்பெற்றது. இரண்டு பிரமிடுகள் படத்தில் இருந்தன. ஒன்று நான்கு முகங்களைக் கொண்ட நான்முகி. மற்றது சதுர அடித்தளம் கொண்ட ஐந்து முகப் பிரமிடு. சதுரத்தைத் தவிர மற்ற எல்லா முகங்களும் ஒரே அளவுள்ள சமபக்க முக்கோணங்கள். நான்முகியின் ஒரு முகத்தைச் சதுரப் பிரமிடின் ஒரு முக்கோண முகத்தின்மேல் முனைகள் பொருந்தும்படி ஒட்டினால், கிடைக்கும் திண்மத்துக்கு வெளியில் தெரியும் முகங்கள் எத்தனை என்பது கேள்வி. 5, 6, 7, 8, 9 என்பவை தெரிவுகள்.

தேர்வைத் தயாரித்த எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனத்தின் விடை 7. நான்கும் ஐந்தும் ஒன்பது, ஒட்டியபோது மறைந்தவை இரண்டு, மிச்சம் ஏழு. புளோரிடாவைச் சேர்ந்த டேனியல் லோவன் என்ற 17 வயது மாணவர் 5 என்று குறித்திருந்தார். தவறு என்று அறிவிக்கப்பட்ட பிறகும் அவர் விடவில்லை. சரியான விடை ஐந்துதான் என்பதை நிறுவனம் ஏற்றுக்கொண்டது, சுமார் 240,000 மாணவர்களின் மதிப்பெண்கள் உயர்த்தப்பட்டன, 1981 மார்ச்சில் அது நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் செய்தியானது.

ஐந்து எப்படி வருகிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு சதுரப் பிரமிடுகளை அடித்தளங்கள் ஒரு பக்கத்தில் ஒட்டி நிற்கும்படி மேசைமேல் அருகருகே வையுங்கள். இரண்டின் உச்சிகளுக்கும் இடையிலுள்ள தூரம் சதுரத்தின் பக்க அளவுக்குச் சமம். இரண்டு உச்சிகள், அடித்தளங்கள் ஒட்டும் விளிம்பின் இரு முனைகள் என்ற இந்த நான்கு புள்ளிகளையும் இணைத்தால் எல்லா விளிம்புகளும் ஒரே நீளம். அதாவது, இரண்டு பிரமிடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் அதே நான்முகி அச்சாகப் பொருந்தி உட்காருகிறது. இப்போது நம்மைப் பார்த்திருக்கும் பக்கத்தைக் கவனியுங்கள். இரண்டு பிரமிடுகளின் முன்முகங்களும் ஒரே தளத்தில் சாய்ந்திருக்கின்றன. நடுவிலுள்ள நான்முகியின் முன்முகத்துக்கு உரிய மூன்று புள்ளிகளும் அதே தளத்தில் இருப்பதால், அந்த முகமும் அதே தளத்தில்தான் விழ வேண்டும். பின்பக்கமும் அப்படியே. ஆகவே ஒரு பிரமிடும் ஒரு நான்முகியும் சேரும்போது இரண்டு இடங்களில் முக்கோணத்தோடு முக்கோணம் மடிப்பே இல்லாமல் இணைந்து சாய்சதுரமாகிவிடுகின்றன. ஏழில் இரண்டு குறைந்து ஐந்து. கிடைக்கும் திண்மம், சாய்ந்து நிற்கும் ஒரு முக்கோணப் பட்டகம். கோணக் கணக்கில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு: நான்முகியின் இரு முகங்களுக்கு இடையே சுமார் 70.5 பாகை, சதுரப் பிரமிடின் அடுத்தடுத்த முக்கோண முகங்களுக்கு இடையே சுமார் 109.5 பாகை, கூட்டினால் துல்லியமாக 180.

இந்த வினாவின் வாக்கியத்தில் குழப்பம் எதுவும் இல்லை. கோளாறு விடைக்குறிப்பில் இருந்தது. ஆனால் அந்தக் கோளாறுக்கு வழிவகுத்தது படம். தனித்தனியாக நிற்கும் இரண்டு பிரமிடுகளைத் தட்டையான தாளில் பார்க்கும் எவருக்கும், அவை சேரும் இடத்தில் மடிப்பு மறையும் என்று தோன்றாது. எண்ணிக் கழிக்கும் வேலை என்று நினைத்துத்தான் வினாவை எழுதியவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது வினா 1982 மே மாதம் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் வந்தது. வட்டம் ஏயின் ஆரம், வட்டம் பியின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. படத்தில் உள்ள நிலையிலிருந்து வட்டம் ஏ, வட்டம் பியைச் சுற்றி உருண்டு செல்கிறது. ஏயின் மையம் முதன்முறையாகத் தொடங்கிய இடத்துக்கு வரும்போது அது எத்தனை சுற்றுகள் சுற்றியிருக்கும்? தெரிவுகள் 3/2, 3, 6, 9/2, 9. எதிர்பார்க்கப்பட்ட விடை 3. பெரிய வட்டத்தின் சுற்றளவு சிறியதைப்போல் மூன்று மடங்கு என்பதால் மூன்று சுற்று என்பது மனக்கணக்காகவே வந்துவிடும். அந்த மனக்கணக்கு தவறு.

தவறு என்பதைச் சோதிக்க உணவங்காடி மேசையும் இரண்டு ஒரு வெள்ளி நாணயங்களும் போதும். ஒரு நாணயத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதை அதிலுள்ள மெர்லயன் உருவம் நிமிர்ந்து நிற்கும்படி அதன் தலைமேல் வையுங்கள். வழுக்காமல் வலப்பக்கமாக உருட்டுங்கள். கால்வாசி வழி போய்ப் பக்கவாட்டை அடையும்போதே மெர்லயன் தலைகீழாகிவிடும். கீழே போய்ச் சேரும்போது மறுபடி நிமிர்ந்து நிற்கும். பாதி வழியில் ஒரு முழுச் சுற்று முடிந்துவிட்டது. மீண்டும் மேலே வரும்போது இரண்டு சுற்று. சம அளவு வட்டங்களுக்கு ஒன்று என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டு வருகிறது. நேர்கோட்டில் உருண்டால் வரும் சுற்றுகளோடு, வளைந்த பாதையில் போவதற்காக ஒரு சுற்று கூடிக்கொள்கிறது. தேர்வு வினாவில் சிறிய வட்டத்தின் ஆரத்தை 1 என்றும் பெரியதை 3 என்றும் கொண்டால், சிறிய வட்டத்தின் மையம் 4 அலகு ஆரமுள்ள வட்டத்தில் பயணம் செய்கிறது. அந்தப் பயணத்தின் நீளத்தைச் சிறிய வட்டத்தின் சுற்றளவால் வகுத்தால் 4 கிடைக்கிறது.

4 என்ற விடை தெரிவுகளிலேயே இல்லை. ஷிவன் கார்த்தா, புரூஸ் டாப், டக் ஜங்ரைஸ் என்ற மூன்று மாணவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். சுமார் 300,000 பேர் எழுதிய அந்தத் தேர்விலிருந்து வினா நீக்கப்பட்டு மதிப்பெண்கள் மறுபடி கணக்கிடப்பட்டன. முந்தைய வினாவைவிட இது வடிவியலின் தடுமாற்றத்துக்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. ஏனென்றால் இங்கே வாக்கியமே வழுக்குகிறது. சுற்று என்பதை வெளியில் நின்று பார்ப்பவர் எண்ணினால் 4. பெரிய வட்டத்தின் விளிம்பில் நின்று, சிறிய வட்டத்தின் ஒரே புள்ளி எத்தனை முறை வந்து தொடுகிறது என்று எண்ணினால் 3. கோள் சூரியனைச் சுற்றுவதைப்போல், ஒன்று மற்றதைச் சுற்றிவருவதைச் சுற்று என்று எடுத்துக்கொண்டால் 1. வானியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓராண்டில் நாம் காணும் பகல்கள் சுமார் 365.24, விண்மீன்களை வைத்து எண்ணினால் பூமி அதே காலத்தில் 366.24 முறை தன்னைத்தானே சுற்றுகிறது. எங்கே நின்று எண்ணுகிறோம் என்று வினா சொல்லவில்லை.

இவ்வளவு பெரிய தேர்வுகளில் இப்படிப்பட்ட வினாக்கள் எப்படித் தப்பித்து வருகின்றன என்று கேட்பது இயல்பு. பெரிய தேர்வு நிறுவனங்கள் வினாக்களை முன்கூட்டியே மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்து, மொத்தத்தில் நன்றாகச் செய்தவர்கள் அந்த வினாவிலும் எதிர்பார்த்த விடையைத் தேர்ந்தெடுக்கிறார்களா என்று புள்ளிவிவர முறையில் சோதிப்பார்கள். கெட்டிக்கார மாணவர்கள் ஒரு விடைக்கும் மற்றவர்கள் வேறு விடைக்கும் போனால் அபாயமணி அடிக்கும். இந்தச் சோதனை பயனுள்ளதுதான், ஆனால் அது கருத்து வேறுபாட்டை மட்டுமே கண்டுபிடிக்கும். எல்லாரும் ஒரே திசையில் ஏமாறும்போது அபாயமணிக்கு வேலை இல்லை. உருளும் வட்டத்தில் நான்கு என்று கண்டுபிடித்த மாணவன்கூடத் தெரிவுகளில் அது இல்லை என்று கண்டதும் தன்மேல் சந்தேகப்பட்டு மூன்றைத்தான் குறிப்பான். கணினியின் கண்ணுக்கு அவனும் விடை தெரிந்தவன்தான்.

அதனால்தான் இந்த இரு பிழைகளும் வினாத்தாள் வெளியே வந்து பொதுமக்கள் கண்ணில் படத் தொடங்கிய காலத்தில் அம்பலமாயின என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. தேர்வு எழுதியவர்கள் கேட்டால் வினாக்களையும் விடைகளையும் காட்ட வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 1979இல் சட்டம் இயற்றியது. அதற்கு முன்னால் வந்த தாள்களில் இப்படி எத்தனை வினாக்கள் கேள்விமுறையின்றிக் கடந்துபோயின என்று இனி எவரும் எண்ணிச் சொல்ல முடியாது.

சிங்கப்பூருக்கு வருவோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எழுதும் தாளில் நான்முகிகள் உருளாது. ஆனால் சாய்சதுரம், இணைகரம், சரிவகம், மடித்த காகிதம், கால்வட்டங்கள் பின்னிக் கிடக்கும் நிழலிட்ட பகுதி எல்லாம் உண்டு. படத்தின்கீழோ தாளின் முகப்பிலோ, படம் அளவுக்கேற்ப வரையப்படவில்லை என்ற குறிப்பைக் காணலாம். அந்தக் குறிப்பைப் பெற்றோர் பலர் பாகைமானியால் அளந்து விடை எழுதாமல் தடுக்கும் வேலி என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். அது அதற்கு மேலும் ஒன்றைச் சொல்கிறது: கண்ணால் பார்த்து நம்பும் எதையும் தகவலாக எடுத்துக்கொள்ளாதே.

அந்த எச்சரிக்கை எவ்வளவு அவசியம் என்பதைப் பழைய முக்கோணப் புதிர் ஒன்று காட்டும். 13 அலகு அடிப்பக்கமும் 5 அலகு உயரமும் கொண்ட முக்கோணம்போல் தோன்றும் உருவம் நான்கு துண்டுகளால் ஆனது. அதே துண்டுகளை இடம் மாற்றி அடுக்கினால் அதே முக்கோணம் வருகிறது, ஆனால் நடுவே ஒரு சதுர அலகு ஓட்டை. காணாமல்போன அந்தச் சதுரம் சாய்ந்த பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. துண்டுகளில் ஒன்று 8க்கு 3 என்ற சரிவும் மற்றொன்று 5க்கு 2 என்ற சரிவும் கொண்டவை. முதலாவது சுமார் 20.6 பாகை, அடுத்தது சுமார் 21.8 பாகை. கர்ணம் என்று நாம் நம்பிய கோடு நேர்கோடே அல்ல. ஒன்றேகால் பாகை மடிப்பை மனிதக் கண் தாளில் பிடிப்பதில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு பிஎஸ்எல்இ பாணி வினாவைப் படித்தால், முன்பு அலுப்பூட்டிய வாக்கியங்களுக்கு அர்த்தம் புரியும். ஏபிசிடி ஒரு சாய்சதுரம், சிடிஇ ஒரு நேர்கோடு, ஏடிஎஃப் ஓர் இருசமபக்க முக்கோணம் என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். ‘சிடிஇ நேர்கோடு என்பது பார்த்தாலே தெரிகிறதே’ என்று பிள்ளை நினைக்கலாம். பார்த்தால் தெரிவது செல்லாது என்பதால்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம் விட்டுப்போனால், 180 பாகையிலிருந்து கழிக்கும் உரிமையே மாணவனுக்குக் கிடையாது; கணக்கு அங்கேயே நின்றுவிடும். துணைப்பாட நிலையங்கள் அவசரத்தில் தயாரிக்கும் தாள்களிலும், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பயிற்சி நூல்களிலும் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வாக்கியந்தான். காகிதம் மடிக்கும் கணக்குகளிலும் இதே கதை: மடிப்புக்கோடு மூலையில் முடிகிறதா, மூலைக்குச் சற்றுத் தள்ளியா என்பதைப் படத்தின் பொறுப்பில் விட்டுவிட்டால் கோணம் மாறிவிடும்.

வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் தடுமாற்றத்துக்கு இருசமபக்க முக்கோணத்தைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது. ஓர் இருசமபக்க முக்கோணத்தின் ஒரு கோணம் 40 பாகை; மற்ற கோணங்கள் யாவை? 40 பாகை உச்சிக்கோணமாக இருந்தால் 70, 70. அடிக்கோணமாக இருந்தால் 40, 100. இரண்டும் சரி. சமபக்கங்களும் கோணமும் குறிக்கப்பட்ட படம் இருந்தால் அது தீர்ப்பு சொல்லிவிடும். படம் இல்லாமல் ஒரே விடையைக் கேட்டால் வினா தவறு. பக்கங்களை வைத்துக் கேட்டால் நிலைமை இன்னும் சுவையானது. இரண்டு பக்கங்கள் 5 செண்டிமீட்டர், 9 செண்டிமீட்டர் என்றால் சுற்றளவு 19ஆகவும் இருக்கலாம், 23ஆகவும் இருக்கலாம். 4 செண்டிமீட்டர், 9 செண்டிமீட்டர் என்று ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் தடுமாற்றம் மறைந்துவிடுகிறது: 4, 4, 9 என்ற முக்கோணம் வரையவே முடியாது, ஏனெனில் நான்கும் நான்கும் சேர்ந்தாலும் ஒன்பதை எட்டாது. விடை 22 மட்டும். முதல் வினா மாணவனைச் சிக்கலில் தள்ளுகிறது. அடுத்தது அவன் யோசித்தானா என்று சோதிக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு செண்டிமீட்டர்.

உயர்நிலைப் பள்ளியில் இதுவே சைன் விதியோடு திரும்பி வரும். 30 பாகைக் கோணம், அதையொட்டி 10 அலகுப் பக்கம், கோணத்துக்கு எதிரே 6 அலகுப் பக்கம் என்று கொடுத்தால் இரண்டு முக்கோணங்கள் வரையலாம். மூன்றாவது பக்கம் ஒன்றில் சுமார் 12, மற்றதில் சுமார் 5.3. பாடநூல்கள் இதைத் தனியாகச் சொல்லித் தருவதால் உயர்நிலை மாணவர்கள் உஷாராக இருப்பார்கள்.

தகவல் குறைவது ஒரு வகைக் கோளாறு; கூடிப்போவது இன்னொரு வகை. ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் அர்னால்டு ஒரு கணக்கைக் குறும்போடு சொல்வதுண்டு. செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 10 அங்குலம், அதன்மேல் இறக்கிய குத்துயரம் 6 அங்குலம், பரப்பளவு என்ன? அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பத்தாண்டுகளுக்கு மேலாக 30 சதுர அங்குலம் என்று ஒழுங்காக எழுதி வந்தார்களாம். மாஸ்கோவிலிருந்து வந்த மாணவர்களுக்கு மட்டும் போட வரவில்லையாம். காரணம், அப்படியொரு முக்கோணம் கிடையாது. கர்ணத்தை விட்டமாகக் கொண்ட வட்டத்தின்மேல்தான் செங்கோண முனை இருக்க முடியும். ஆகவே குத்துயரம் 5 அங்குலத்தைத் தாண்ட வழியில்லை. சூத்திரத்தில் எண்களைப் போடுபவன் முழு மதிப்பெண் பெறுவான், முக்கோணத்தை மனத்தில் வரைந்து பார்ப்பவன் மாட்டிக்கொள்வான் என்றால், அந்த வினா எதைச் சோதிக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். தடுமாறும் வினாக்களில் எனக்கு உறுத்தலாக இருப்பது இதுதான்: அவை பெரும்பாலும் ஆழ்ந்து யோசிக்கும் பிள்ளையையே தண்டிக்கின்றன.

அடுக்கிய கனசதுரங்கள் இந்த வகையில் தனிக் கவனத்துக்குரியவை. மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கு இரண்டாக நான்கு சதுரங்கள், முன்னாலிருந்து பார்த்தாலும் அப்படியே, பக்கவாட்டிலிருந்தும் அப்படியே. எத்தனை கனசதுரங்கள்? எட்டு என்பது உடனே வரும் விடை. ஆனால் மேல் அடுக்கில் எதிரெதிர் மூலைகளில் இரண்டை மட்டும் விட்டுவைத்தாலும் மூன்று தோற்றங்களும் மாறுவதில்லை. ஆறும் சரி, ஏழும் சரி, எட்டும் சரி. மூன்றுக்கு மூன்று என்று பெரிதாக்கினால் 15லிருந்து 27 வரை எந்த எண்ணும் பொருந்தும். சாய்கோணத்தில் ஒரே ஒரு படமாக வரைந்து காட்டும்போதும், உயர்ந்த அடுக்கின் பின்னால் ஒரு கனசதுரம் இருக்கிறதா இல்லையா என்று படம் சொல்லாது. குறைந்தது எத்தனை, அல்லது அதிகபட்சம் எத்தனை என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், வினா திருத்தமாகிவிடும். அது மட்டுமல்லாமல், முன்பைவிட நல்ல வினாவாகவும் ஆகிவிடும்.

வரையறைகள் மாறுவதாலும் இரண்டு விடை வரலாம். சரிவகத்துக்கு ஒரே ஒரு சோடி இணைப்பக்கங்கள்தான் இருக்க வேண்டுமா, குறைந்தது ஒரு சோடி இருந்தால் போதுமா என்பதில் பாடநூல்களுக்குள் ஒற்றுமை கிடையாது. இரண்டாவது வரையறையில் இணைகரமும் சரிவகந்தான். படத்தில் எத்தனை சரிவகங்கள் என்று எண்ணச் சொல்லும் வினாவை, வரையறை சொல்லாமல் கேட்கக் கூடாது.

சிங்கப்பூரில் தடுமாற்றம் என்று பேசப்பட்ட எல்லாமே தடுமாற்றமல்ல என்பதற்கு 2015ஆம் ஆண்டின் பிஎஸ்எல்இ வினா ஒன்று சான்று. எட்டு ஒரு வெள்ளி நாணயங்களின் எடை என்ன. தெரிவுகள் 6 கிராம், 60 கிராம், 600 கிராம், 6 கிலோகிராம். நாணயத்தின் எடையைப் பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று பெற்றோர் கொதித்தனர். அன்று இரண்டு வரிசை நாணயங்கள் புழக்கத்தில் இருந்தன: பழையது 6.3 கிராம், 2013இல் வந்த புதியது 7.62 கிராம். எட்டின் எடை பழையதில் 50.4 கிராம், புதியதில் 60.96 கிராம். ‘எந்த நாணயம் என்று சொல்லவில்லை’ என்று வாதாடலாம். ஆனால் தெரிவுகள் பத்து மடங்கு இடைவெளியில் நிற்பதால் எந்த நாணயமாக இருந்தாலும் 60 கிராம்தான் பொருந்தும். அதாவது, வாக்கியம் விட்ட இடைவெளியைத் தெரிவுகள் அடைத்துவிட்டன. அதே வாக்கியத்தைத் தெரிவுகள் இல்லாமல் கேட்டிருந்தால் அது மோசமான வினா. 50, 60 என்று இரண்டையும் தெரிவுகளில் வைத்திருந்தால் இன்னும் மோசம்.

நினைவிலிருந்து எழுதிப் பரப்பப்படும் வினாக்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். பிஎஸ்எல்இ வினாத்தாள் பிள்ளையோடு வீட்டுக்கு வருவதில்லை. வருவது பிள்ளையின் நினைவு. அந்த நினைவில் எண்கள் தங்கிவிடும். படம் ஓரளவு தங்கும். ‘சிடிஇ ஒரு நேர்கோடு’ என்ற வரி தங்காது, ஏனென்றால் அது பிள்ளைக்குத் தெரிந்த விஷயமாகப் பட்டிருக்கும். விட்டுப்போன அந்த வரியால் இரவு முழுவதும் பெரியவர்கள் சண்டை போடுவார்கள். வினாக்களை முழுமையாக, படத்தோடும் விடைக்குறிப்போடும், தேர்வு முடிந்த சில நாள்களிலேயே வெளியிட்டால் இந்தச் சண்டைகளில் பெரும்பகுதி தானாக அடங்கும். அடங்காமல் மிஞ்சுவது உண்மையான பிழையாக இருக்கும், அதைத் திருத்தலாம்.

பல தெரிவு வினாவில் மாணவனுக்குப் பேச இடமில்லை; கறுப்பாக்கிய ஒரு வட்டம் மட்டுமே அவன் சார்பில் பேசும். இரண்டாம் தாளில் செய்முறைக்கு இடம் இருக்கிறது, அதற்கு மதிப்பெண்ணும் இருக்கிறது. ‘40 பாகை உச்சிக்கோணம் என்று கொண்டால்’ என்று எழுதிவிட்டுத் தொடரும் பிள்ளையின் தாளைத் திருத்துபவர் அவன் என்ன நினைத்தான் என்று பார்க்க முடியும். ஆகவே வழக்கத்தையோ வரையறையையோ நம்பியிருக்கும் வடிவியல் வினாக்களைப் பல தெரிவுப் பகுதியில் வைக்காமல் செய்முறைப் பகுதிக்கு அனுப்புவதே நேர்மையான ஏற்பாடு என்பது என் கருத்து. 1982இன் உருளும் வட்டம் செய்முறை வினாவாக வந்திருந்தால், நான்கு என்று எழுதியவர்களைத் திருத்துபவர்களே கண்டிருப்பார்கள்.

பெற்றோர் கையில் முழுமையாகக் கிடைக்கும் தாள்கள் பள்ளிகள் நடத்தும் பருவத் தேர்வுகளும் முன்னோட்டத் தேர்வுகளும்தான். கையொப்பம் வாங்குவதற்காக அவை வீட்டுக்கு வருகின்றன. ஐயம் எழுந்தால் அங்கேதான் பேசிப் பயன் உண்டு. ஆசிரியரிடம் போகும்போது “இது இருபொருள்படுகிறது” என்று மட்டும் சொல்லாமல், வினாவின் வாக்கியம், படம், தெரிவுகள் மூன்றையும் பக்கத்தில் வைத்து, பிள்ளையின் விடைக்கு ஒத்த படத்தையும் வரைந்து எடுத்துச் செல்வது நல்லது. அந்தப் படம் தாளில் தரப்பட்ட ஒவ்வொரு தகவலையும் நிறைவு செய்தால் ஆசிரியர் மதிப்பெண் தராமல் இருப்பது கடினம். நிறைவு செய்யாவிட்டால், எந்தத் தகவல் பிள்ளையின் கண்ணுக்குத் தப்பியது என்பது வரையும்போதே தெரிந்துவிடும்.